தேர்தல் வேண்டாம் என்ற எதிர்க்கட்சி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. "உலகத்தில் எந்த எதிர்க்கட்சியும் தேர்தல் வேண்டாம் என்று சொல்லாது." இந்த வாக்கியத்தை நான் வகுப்பில் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடும் இழுத்தேன். அதன் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, லண்டனில் எதிர்க்கட்சி எழுந்து நின்று தேர்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கையிலிருந்த சாக்பீஸ் தீர்வதற்குள் ஒரு கோட்பாடே தீர்ந்துபோனது அரசியல் அறிவியலில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

கல்லூரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக அனுபவம் எதையாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பாடம் நடத்துவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அது எனக்கும் கடைசிவரை பிடிபடவில்லை. திருச்சியில் நான் வேலை பார்த்த கல்லூரியில், ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில மாதங்களில் நடந்த ஒரு மாதிரி நாடாளுமன்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குள் இரண்டு பாடம் இருக்கிறது. இரண்டையும் நான் படித்தது பரீட்சை முடிந்த பிறகு.

மாதிரி நாடாளுமன்றம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாணவர்கள் பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் என்று உட்கார்ந்து விவாதம் செய்வார்கள். விவாதம் என்று பெயர்தானே தவிர, எல்லாம் நாம் எழுதிக் கொடுத்த மனப்பாடம். யார் எப்போது கோபப்பட வேண்டும், யார் எப்போது மேசையைத் தட்ட வேண்டும், கடைசியில் எது ஜெயிக்க வேண்டும் என்பது வரை ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். அந்த வருஷம் கல்லூரியை மதிப்பிட வெளியூர் ஆய்வுக்குழு ஒன்று வருவதாக இருந்தது. உங்கள் துறை சார்பில் ஏதாவது நடத்திக் காட்டுங்கள் என்று கல்லூரி முதல்வரான ஃபாதர் சொன்னார். உள்ளூர் அரசியல் மட்டும் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை.

எங்கள் துறையில் அமலா என்றொரு தற்காலிக விரிவுரையாளர் இருந்தார். மேலப்புதூரில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலை இருக்குமா இருக்காதா என்று காத்திருந்து, இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த ஜூனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பவர். நான் ஓய்வு பெற்றால் காலியாகும் நிரந்தர இடத்துக்கு அவரும் வேறு ஒருவரும் போட்டி. அந்த இன்னொருவர் நிறைய கட்டுரை எழுதியவர். அமலாவுக்குக் கட்டுரை எழுத நேரமே இருந்ததில்லை. என் வகுப்புகளில் பாதியையும் அவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த நிகழ்ச்சி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று ஃபாதர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் கல்லூரியில் ஃபாதர் சொன்னால் நிர்வாகம் சொன்ன மாதிரி.

ஆகவே நான் அமலாவுக்கு உதவி செய்வதென்று தீர்மானித்தேன். வினையே அங்கேதான் ஆரம்பம்.

"பிரெக்ஸிட் வெச்சுக்கலாம்மா" என்றேன். "ஐரோப்பிய யூனியனை விட்டு இங்கிலாந்து வெளியே போறது. வெளியூர் விவகாரம், ஃபாதருக்குப் பயம் இல்ல. லண்டன்காரன் இங்க வந்து கேஸ் போடப் போறதில்ல. குழுவும் அசந்துடும்."

"சார், அது இன்னும் முடியலையே. தினம் ஒண்ணு மாறுது. நாம ஸ்கிரிப்ட் எழுதி முடிக்கறதுக்குள்ள அவங்க வேற எதாவது பண்ணிடுவாங்க."

"முடிவு எனக்குத் தெரியும்மா."

"அவங்களுக்கே தெரியாதாமே சார்."

அவர் சொன்னது சரி. ஆனால் நான் துறைத் தலைவர். துறைத் தலைவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பதாக ஒத்துக்கொள்ளும் பழக்கம் அந்த நாற்காலிக்கே கிடையாது. நானே உட்கார்ந்து எழுதினேன். கதை எளிது. ஒப்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, குறித்த தேதியில் வெளியேறியே தீருவேன் என்கிறார் பிரதமர். சபை அவரை விடவில்லை. அவர் கோபித்துக்கொண்டு, "முன்கூட்டியே தேர்தல் வைப்போம், மக்களிடம் போவோம்" என்று தீர்மானம் கொண்டுவருகிறார். அன்றைய சட்டப்படி அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். எதிர்க்கட்சி துள்ளிக் குதித்து ஆதரிக்கிறது. தீர்மானம் நிறைவேறுகிறது. பிரதமர் வெற்றி உரை, கைதட்டல், தேசிய கீதம். அதற்கு முந்தைய தடவை லண்டனில் நிஜமாகவே அப்படித்தான் நடந்தது. எதிர்க்கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டுத்தான் தேர்தல் வந்தது. அந்த தைரியத்தில்தான் கரும்பலகையில் கோடு இழுத்தேன்.

மேடை ஏற்பாடுகளும் என் மேற்பார்வைதான். சபாநாயகருக்குப் பஞ்சில் வெள்ளை டோப்பா செய்யச் சொன்னேன். அங்கே இப்போதெல்லாம் சபாநாயகர் டோப்பா வைப்பதில்லை என்று ஒரு பையன் சொன்னான். "திருச்சியில வைப்பாரு" என்றேன். மேசைமேல் வைக்க வேண்டிய செங்கோலுக்கு, கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்களில் ஒருவர் பிடிக்கும் கோலை எடுத்துக்கொண்டோம். நாற்காலிகள் வாடகைக் கடையிலிருந்து வந்த பச்சை பிளாஸ்டிக். அசல் சபையிலும் இருக்கைகள் பச்சைதான். என் தயாரிப்பில் தற்செயலாகச் சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

பிரதமராக தினேஷ். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் வீட்டுப் பையன். நல்ல குரல், நல்ல உயரம், எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டான். எதிர்க்கட்சித் தலைவராக வளர்மதி. வையம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசமாட்டாள். மற்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்த நான் ஒரு கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தேன். ஸ்கிரிப்டில் இல்லாத பக்கம் ஓட்டுப் போடுகிறவருக்கு அன்றைக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் காலை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது பேப்பரைப் பிரித்தேன். லண்டனில் பிரதமர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து நடந்துபோய் எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டாராம். சொந்தக் கட்சியிலேயே இன்னும் பலர் மாற்றி ஓட்டுப் போட்டுக் கட்சியை விட்டு நீக்கப்பட்டார்களாம். ஆனால் எம்.பி. பதவி போகவில்லையாம். பிரதமர் தேர்தல் தீர்மானம் கொண்டுவந்தாராம். எதிர்க்கட்சி ஆதரிக்க மறுத்து, தீர்மானம் தோற்றுவிட்டதாம். நான் பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "படிச்சிட்டீங்கன்னா குடுங்க சார்" என்றார். "இன்னும் இல்லீங்க" என்றேன்.

துறை வாசலில் வளர்மதி நின்றிருந்தாள்.

"சார், பேப்பர் பாத்தீங்களா?"

"இன்னைக்கு வரலம்மா."

"அப்ப இத பாருங்க." அவள் கையில் ஒன்று இருந்தது. "ரெண்டு வருஷமா தேர்தல் வை, தேர்தல் வைன்னு கத்தினவங்க, வெச்சுக்கோன்னு சொன்னதும் ஏன் வேண்டாங்கறாங்க? அதைத்தான் சார் நான் பேசணும். அதுதான் சுவாரஸ்யம்."

"சுவாரஸ்யம் வேண்டாம்மா. தேர்தல் வேணும். நீ ஆதரிச்சாத்தான் தினேஷ் வெற்றி உரை பேச முடியும்."

"அவன் பேசறதுக்காக நான் தோக்கணுமா சார்?"

"நீ தோக்கலையே, ஆதரிக்கறே."

"அதையேதான் சார் நானும் சொல்றேன்."

உள்ளே அமலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மாத்திடலாம் சார். இன்னும் நாள் இருக்கு. தேர்தல்னு சபையைக் கலைச்சிட்டா, வெளியேற வேண்டிய தேதி நடுவுல வந்து தாண்டிப் போயிடும், ஒப்பந்தம் இல்லாமலே வெளிய விழுந்துடுவோம்னு அவங்க பயப்படறாங்க. முதல்ல அதைத் தடு, அப்புறம் தேர்தல்ங்கறாங்க. புள்ளைங்களுக்கு நல்லாவே புரியுது."

"புரியறதுதான் ஆபத்து" என்றேன். "மனப்பாடம் பண்ணினது மறக்காது. புரிஞ்சவன் மேடையில என்ன பண்ணுவான்னு யாரால சொல்ல முடியும்? உன் வேலை இதுல தொங்குது. குழு முன்னாடி குழப்பம் ஆனா ஃபாதர் அந்த இன்னொரு ஆளைத்தான் போடுவாரு. திருச்சியில யாருக்கு லண்டன் தெரியப் போவுது? எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்."

ஒத்திகைகளை இனி தானே பார்த்துக்கொள்வதாக அமலா சொன்னார். நானும் விட்டுவிட்டேன். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது.

நிகழ்ச்சி நாள். முன்வரிசையில் ஆய்வுக்குழு, நடுவில் ஃபாதர். ஃபாதரின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்லூரி ஆண்டு விழாவுக்கும் இறந்தவர்களுக்கான அடக்கத் திருப்பலிக்கும் அவர் ஒரே முகத்தோடு வருவார். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நான் மேடையின் பக்கவாட்டில், திரைக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அமலா என் அருகில்.

தினேஷ் கம்பீரமாகத் தீர்மானத்தை முன்மொழிந்தான். வளர்மதி எழுந்தாள். "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை..." என்று ஆரம்பித்து, ஒரு கணம் நிறுத்தி, பேப்பரைக் கீழே வைத்தாள்.

"...நாங்க எதிர்க்கிறோம்."

நான் திரைக்கயிற்றைக் கையில் எடுத்தேன்.

"தேர்தலுக்கு நாங்க பயப்படல. போன வருஷம் நம்ம முக்கொம்பு அணையில ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போச்சு. தண்ணி ஓடிக்கிட்டு இருக்கும்போது, அணையைப் பாத்துக்கறது யாருன்னு ஊரைக் கூட்டி ஓட்டு வெச்சா, எண்ணி முடிக்கறதுக்குள்ள ஊர் என்னாவும்? முதல்ல அடைப்பைப் போடுங்க. அப்புறம் எந்த நாள்ல வேணும்னாலும் தேர்தல் வைங்க, நாங்க ரெடி!"

லண்டன் எதிர்க்கட்சித் தலைவருக்கு முக்கொம்பு எப்படித் தெரியும் என்று அரங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டல் கூரையைத் தொட்டது. நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. குனிந்து பார்த்தால், கயிற்றின் நுனியை அமலா காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றே? திரையைப் போட்டு, மின்சாரக் கோளாறுன்னு சொல்லிடுவோம்."

"ஃபேன் ஓடுது சார்."

"உன் வேலை போயிடும்!"

அவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் காலை எடுக்கவில்லை. "ஓட்டு எடுக்கட்டும் சார்" என்றார்.

ஓட்டெடுப்பு. ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் என்று எழுந்து போய் நிற்க வேண்டும். ஆளுங்கட்சியின் பின்வரிசையிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தான். அவன் பின்னால் இன்னும் சிலர். நான் பொறுக்க முடியாமல் பக்கவாட்டிலிருந்து அடித்தொண்டையில் "அட்டெண்டன்ஸ்! அட்டெண்டன்ஸ்!" என்று எச்சரித்தேன். சபாநாயகரின் மைக் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அரங்கம் முழுக்கக் கேட்டது. சபாநாயகர் டோப்பாவைச் சரி செய்துகொண்டு, "வெளியாட்கள் அவையில் குறுக்கிடக் கூடாது" என்றான். அவனுக்கும் நான் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

தீர்மானம் தோற்றது. தினேஷ் நடுமேடையில் தனியாக நின்றான். பாவம், மைக்கை மறைக்காமலே என் பக்கம் திரும்பி, "சார், ஜெயிச்சா பேசறதுதான் எனக்கு மனப்பாடம்" என்றான். சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு என்ன தோன்றியதோ, போட்டிருந்த கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி. இன்னைக்குத் தோத்தேன். திரும்பவும் கொண்டுவருவேன். நீங்க சரிங்கற வரைக்கும் கொண்டுவருவேன்" என்றான். அசல் பிரதமரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஒரு நிகழ்ச்சிக்கு முடிவு எழுதும் முன்னால், அதை நடத்தப் போகிறவர்களுக்கு மூளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் முடிவை அவர்களிடம் விட்டுவிடுங்கள். முதல் பாடம் இது. இரண்டாவதுதான் கொஞ்சம் வலித்தது.

திரை விழுந்ததும் ஃபாதர் மேடைக்குப் பின்னால் வந்தார். கூடவே ஆய்வுக்குழுவில் ஒரு பேராசிரியை. ஃபாதரின் முகம் வழக்கம்போல.

"சார், இது யார் வேலை?"

இந்தக் கேள்வியை நான் அறிவேன். கழிவறைச் சுவரில் யாரோ படம் வரைந்தபோதும் இதே குரலில்தான் கேட்டார். அமலா சற்றுத் தள்ளி டோப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு குழந்தைகள், அடுத்த ஜூன், எல்லாம் என் கண்ணில் வந்துபோயின. வாழ்க்கையில் ஒரு தடவையாவது துறைத் தலைவர் மாதிரி நடந்துகொள்வோம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"என் வேலைதான் ஃபாதர். முழுக்க முழுக்க நான். அமலாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

பேராசிரியை என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். எத்தனையோ கல்லூரிகளில் மாதிரி நாடாளுமன்றம் பார்த்திருக்கிறாராம். மேடையில் மாணவர்கள் தாங்களாகவே முடிவெடுத்ததை இங்கேதான் பார்த்தாராம். பக்கவாட்டிலிருந்து கொறடா மாதிரி மிரட்டியது அபாரமான கற்பனையாம். அறிக்கையில் என் பெயரைப் போட்டே எழுதப் போகிறாராம். ஃபாதர், "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார், அதே முகத்தோடு.

நான் திரும்பிப் பார்த்தேன். அமலா டோப்பாவிலிருந்து பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பழியை ஏற்றுக்கொள்ளும் முன்னால் அது பழிதானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், தம்பிகளே, தங்கைகளே. தியாகம் செய்கிற அவசரத்தில் நான் செய்தது திருட்டு.

மத்தியானம் சாப்பாட்டின்போது அமலா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அம்மா, நான் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன். "தெரியும் சார். அதான் ஒண்ணும் சொல்ல முடியல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேரே ஃபாதர் அறைக்குப் போனேன்.

"ஃபாதர், காலைல சொன்னது பொய்."

"எது?"

"என் வேலைன்னு சொன்னது. எல்லாம் அமலா. மாத்தணும்னு சொன்னதும் அவங்கதான், புள்ளைங்களைத் தயார் பண்ணினதும் அவங்கதான்."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன் ஃபாதர்."

"நான் கோவப்பட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"கோவப்படாமயும் பாத்ததில்ல ஃபாதர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப சொல்றது உண்மைன்னு எப்படி நம்பறது? ரிட்டயர் ஆகப் போறவர் தனக்கு வேண்டியவங்களுக்காகச் சொல்றாருன்னு குழு நினைக்கலாம். நானே நினைக்கலாம்."

காலையில் பொய் சொன்ன வாயை மத்தியானம் யார் நம்புவார்கள்? நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "பக்கத்து அறையிலதான் அறிக்கை எழுதிக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்டயே போய்ச் சொல்லுங்க" என்றார்.

ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. நல்ல பெயரோடு போயிருக்கலாம். அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு தட்டினேன். மொத்தக் குழு முன்னாலும், காலையில் நான் வாங்கிக்கொண்ட பாராட்டு என்னுடையது இல்லை, அமலாவுடையது என்று சொன்னேன். அந்தப் பேராசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்படியானால் இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டார்.

"ஸ்கிரிப்டை மாற்றக் கூடாது என்று உத்தரவு போட்டது நான். நடுவில் திரைக்கயிற்றை இழுத்தது நான். அந்த அட்டெண்டன்ஸ் சத்தமும் கற்பனை இல்லை, நிஜமாகவே மிரட்டினேன்."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இப்படிப்பட்ட பொய்யை யாரும் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேராசிரியை அறிக்கையில் என் பெயரை அடித்தார். அடித்த கோடு, நான் கரும்பலகையில் இழுத்ததைவிட நேராக இருந்தது.

அதன் பிறகு ஃபாதர் அமலாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வளர்மதியும் தினேஷும் வந்து, "சார், எங்க அட்டெண்டன்ஸ்?" என்று கேட்டார்கள். "போங்கடா, எல்லாருக்கும் உண்டு" என்று விரட்டினேன். உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது. அந்த இன்னொரு விண்ணப்பதாரரின் கட்டுரைகள் ஞாபகத்துக்கு வந்தன. இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாமோ, ஃபாதரிடம் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்று உள்ளுக்குள் அடுத்த உதவி தயாராகிக்கொண்டிருந்தது.

கதவு திறந்து அமலா வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. நான் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு கதவை நோக்கி நகர்ந்தேன்.

"இரும்மா, நான் உள்ள போய் ஃபாதர்கிட்ட உனக்காக இன்னொரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"வேண்டாம் சார், இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு."